ரக்பி வீரரின் பன்னிரண்டு ஆண்டுகள்: உடல், ஒப்பந்தம், ஓய்வு

2018 ஜூலையில் சாம் வார்பர்டன் ரக்பியை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 29. வேல்ஸ் அணிக்கு 74 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்) ஆடியவர். பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சிறந்த வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியை 2013இல் ஆஸ்திரேலியாவிலும் 2017இல் நியூசிலாந்திலும் வழிநடத்தி, இரண்டு தொடரையும் தோற்காமல் திரும்பியவர். கழுத்திலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை முடிந்து பயிற்சிக்கு வந்தபோது உடல் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. அதே வேல்ஸ் அணியில் அவருடன் ஆடிய ஆலன் வின் ஜோன்ஸ் அவரைவிட மூன்று வயது மூத்தவர். அவர் 2023 வரை சர்வதேச ரக்பி ஆடினார்: வேல்ஸுக்கு 158, லயன்ஸுக்கு 12, ஆக மொத்தம் 170 டெஸ்ட்.

இருவருக்கும் ஒரே பயிற்சியாளர்கள், ஒரே மருத்துவக் குழு, ஏறத்தாழ ஒரே எதிரணிகள். களத்தில் ஆடும் இடம்தான் வேறு: வார்பர்டன் ஃப்ளாங்கர், ஜோன்ஸ் லாக். அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தொழில்முறை ரக்பியில் திறமை வாசல்வரைதான் கொண்டுவிடும். உள்ளே எத்தனை ஆண்டு நிற்கலாம் என்பதை ஆடும் இடம், ஓர் ஆண்டில் ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை, கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகம் ஆகிய மூன்றும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. 18 வயதில் உள்ளே வந்து 30, 32 வயதில் வெளியேறுபவருக்குக் கிடைப்பது பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள். பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. நட்சத்திரங்களின் கதை எல்லோருக்கும் தெரியும். கிளப்பின் நாற்பது பேரில் ஒருவராக இருக்கும் சாதாரணத் தொழில்முறை வீரருக்கு என்ன நடக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

முதுகில் உள்ள எண்

ரக்பி யூனியனில் ஓர் அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். 1 முதல் 8 வரை பந்துக்காக முட்டி மோதும் ஃபார்வர்டுகள், 9 முதல் 15 வரை பந்தோடு ஓடும் பேக்குகள். எந்த எண்ணை அணிகிறாரோ அந்த எண்ணுக்குரிய தேய்மானம் அவர் உடலில் ஏறும்.

7ஆம் எண் ஓப்பன்சைட் ஃப்ளாங்கரை எடுத்துக்கொள்வோம். எதிரணி வீரர் டேக்கிளில் (பிடித்து வீழ்த்துவதில்) விழுந்தவுடன், காலை அகல ஊன்றி, இடுப்பை மடித்து, விழுந்தவர் கையிலுள்ள பந்தை இரண்டு கையாலும் பற்றுவது இவர் வேலை. நடுவர் விசில் ஊதும்வரை இரண்டு மூன்று நொடி அதே நிலையில் தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் 110, 120 கிலோ ஆட்கள் ஓடிவந்து தோளால் மோதி அவரைப் பெயர்த்தெடுக்கப் பார்ப்பார்கள். தலை குனிந்திருக்கும், பிடரி திறந்து கிடக்கும், பாதம் தரையில் பதிந்திருக்கும். மோதல் பக்கவாட்டில் வந்தால் முழங்கால் உள்பக்கமாக வளைந்து தசைநார் கிழியும். மேலிருந்து வந்தால் அடி கழுத்துக்கு. இந்தக் கலையில் வார்பர்டன் தன் தலைமுறையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அவர் உடலில் அதிகம் தேய்ந்தவையும் கழுத்தும் முழங்காலும்தான்.

லாக்கின் வேலை வேறு. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், லைன்-அவுட்டில் (பக்கக்கோட்டிலிருந்து பந்து வீசப்படும்போது) தூக்கிவிடப்பட்டுப் பந்தைப் பிடிப்பது, ஸ்க்ரம்மில் (இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து தள்ளும்போது) இரண்டாம் வரிசையிலிருந்து தள்ளுவது, ரக்குக்கு ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கான நெரிசல்) நடந்து போய் மோதுவது. வலி குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் இங்கு அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். எதிரணி லைன்-அவுட்டில் எங்கே வீசப்போகிறது என்று படிக்கத் தெரிந்த 34 வயது லாக், இரண்டு அங்குலம் அதிகம் குதிக்கும் 22 வயதுக்காரரைவிட அணிக்குப் பயன்படுவார்.

சந்தையில் எப்போதும் தட்டுப்பாடுள்ள ஆள், ஸ்க்ரம்மின் முன்வரிசையில் நிற்கும் 3ஆம் எண் டைட்ஹெட் ப்ராப். ஸ்க்ரம்மில் இவருடைய தலை எதிரணியின் 1ஆம் எண் லூஸ்ஹெட் ப்ராப்புக்கும் 2ஆம் எண் ஹூக்கருக்கும் நடுவே செருகப்படுவதால் இரண்டு தோளிலும் எடை விழும். லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள் வெளியே இருக்கும். இந்தச் சுமையைத் தாங்கும் கழுத்தும் முதுகும் 20 வயதில் அமைவது அபூர்வம். பெரும்பாலோர் 24, 25 வயதில்தான் நிலைபெறுகிறார்கள். விதியும் அவர்கள் பக்கம் இருக்கிறது. பெஞ்சில் இருக்கும் எட்டு மாற்று வீரர்களில் மூன்று பேர் முன்வரிசையில் ஆடப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்க்ரம்மில் தள்ளுவதற்கே அனுமதி போய்விடலாம். ஆட்டநாளின் 23 பேரில் நான்கு ப்ராப்கள் என்றால், காயங்களுக்கும் இடம் விட்டு ஒரு கிளப் ஆறேழு ப்ராப்களுக்காவது சம்பளம் கொடுத்தாக வேண்டும். பின்வாங்காத டைட்ஹெட் ஒருவருக்கு 34 வயதிலும் வேலை கிடைக்கும். நியூசிலாந்தின் கார்ல் ஹேமன் இந்த இடத்தில் உலகின் மிகச் சிறந்தவராகப் பெயர் பெற்று, பிரான்ஸின் துலோன் கிளப்பில் பெரிய சம்பளத்துக்கு ஆடினார். 2021இல், 41ஆம் வயதில், தனக்கு இளவயது மறதிநோய் வந்திருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னதும் அவர்தான்.

ஓரத்தில் ஓடும் விங் ஆடுபவரின் கடிகாரம் வேகமாக ஓடும். இருபது வயதில் உச்சிக்குப் போகலாம்: 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் ஜோனா லோமு அந்த வயதில்தான் ஏழு டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அடித்தார், அதில் நான்கு இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில். ஆனால் 28, 29 வயதில் முதல் பத்து மீட்டர் வேகம் குறைந்தால் மறைக்க இடமில்லை. புத்திசாலிகள் அதற்கு முன்பே ஃபுல் பேக் (15) அல்லது சென்டர் (12, 13) இடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். ஸ்க்ரம் ஹாஃப் (9), ஃப்ளை ஹாஃப் (10) இருவரும் முடிவெடுக்கும் திறனை வைத்துப் பிழைப்பவர்கள். ஜானி செக்ஸ்டன் 38 வயதில் 2023 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்குத் தலைமை தாங்கினார்.

பெஞ்சில் பேக்குகளுக்கு மூன்று இடம் என்பது நெடுநாள் வழக்கம். தென்னாப்பிரிக்கா 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஏழு ஃபார்வர்டுகளையும் ஒரே ஒரு பேக்கையும் பெஞ்சில் வைத்து ஜெயித்தது. ஆறுக்கு இரண்டு என்ற பிரிவு இப்போது பல அணிகளில் சாதாரணம். ஆட்டநாள் அணியில் பேக்குகளுக்கான இடம் குறையக் குறைய, ஒரே இடம் மட்டும் ஆடத் தெரிந்த பேக்கை விலை கொடுத்து வைத்திருக்கக் கிளப்புகள் யோசிக்கின்றன. 10, 12, 15 மூன்றிலும் ஆடக்கூடியவருக்கு ஒப்பந்தம் நீளும்.

பதினாறிலிருந்து இருபத்தொன்று வரை

நுழையும் வழி நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் தொழில்முறை கிளப்புகளின் அகாடமிகள் தங்கள் வட்டாரப் பள்ளிகளிலிருந்து ஆள் எடுக்கின்றன. அயர்லாந்தில் பள்ளி ரக்பி முடிந்து மாகாண அகாடமியில் வழக்கமாக மூன்று ஆண்டு, பிறகு வளர்ச்சி ஒப்பந்தம், அதன்பின் முழு ஒப்பந்தம். நியூசிலாந்தில் பள்ளியின் முதல் அணி, மாகாணப் போட்டி, சூப்பர் ரக்பி என்னும் உயர்நிலைத் தொழில்முறைப் போட்டி என்று படிகள். பிரான்ஸில் ஒவ்வொரு பெரிய கிளப்புக்கும் பயிற்சி மையமும் இளையோர் அணியும் உண்டு.

இந்த ஐந்தாண்டில் அதிகம் தோற்பவர்கள் யார் தெரியுமா? பதினாறு வயதில் மற்றவர்களைவிடப் பெரிய உடம்போடு இருந்தவர்கள். எதிரே இருப்பவரை இடித்துக்கொண்டே ஓடிப் பழகியதால், பாஸ் செய்யவும் இடைவெளியைத் தேடவும் கால் மாற்றி விலகவும் அவர்களுக்குத் தேவையே வந்திருக்காது. இருபது வயதில் எல்லோரும் அதே அளவுக்கு வளர்ந்ததும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பார்கள். ஆகவேதான் நல்ல அகாடமிகளில் இளையோரை வயதைப் பார்த்து மட்டுமல்லாமல் உடல் எடை, முதிர்ச்சி ஆகியவற்றையும் பார்த்துப் பிரித்து ஆடவைக்கிறார்கள்.

இன்னொரு தவறு எடை ஏற்றும் அவசரம். 95 கிலோவில் வரும் பதினெட்டு வயது ப்ராப் 115 கிலோவுக்குப் போக வேண்டும் என்றால் அது நான்கைந்து ஆண்டு வேலை. இரண்டே ஆண்டில் ஏற்றினால் கொழுப்பும் நிறையச் சேரும். தசை வேகமாக வலுப்பெறும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண் மெதுவாகத்தான் இறுகும். இந்த இடைவெளியில்தான் முழங்கால் நாண் அழற்சி, குதிகால் நாண் வலி, இடுப்பெலும்பு அழுத்தமுறிவு எல்லாம் வந்து சேரும். இருபது வயதில் ஒரு முழு சீசனைச் சிகிச்சை மேசையில் கழித்தவருக்கு, ஆடிக் காட்ட ஆட்டமே இல்லாமல் அகாடமிக் காலம் முடிந்துவிடும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

அகாடமியில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதாக இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. "என் இடத்தில் எனக்கு முன்னால் எத்தனை பேர், அவர்களுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது?" என்று கேட்க வேண்டும். 20 வயது ஹூக்கருக்கு முன்னால் 24, 26 வயதில் இரண்டு பேர் இருந்தால், புகழ்பெற்ற கிளப்பில் தண்ணீர் பாட்டில் தூக்குவதைவிட இரண்டாம் நிலைப் போட்டியில் ஒரு சீசன் கடனாகப் போய் இருபது ஆட்டம் ஆடுவது மேல். லைன்-அவுட் வீச்சு அழுத்தத்தில்தான் பழகும்; பயிற்சித் திடலில் பழகாது.

கையெழுத்து

ரக்பி யூனியனில் சம்பளம் என்பதே புதுசு. வேலைநாள் இழப்புக்கு ஈடு கொடுக்கலாமா என்ற சண்டையில்தான் 1895இல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் பிரிந்துபோய், பிற்பாடு ரக்பி லீக் என்னும் தனி ஆட்டம் ஆனது. யூனியன் சரியாக நூறு ஆண்டு பிடிவாதமாக இருந்து, 1995 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில்தான் பணம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. அதனால் ஒவ்வொரு நாடும் தன் போக்கில் அமைப்பை உருவாக்கிக்கொண்டது. அயர்லாந்திலும் நியூசிலாந்திலும் தேசிய சம்மேளனமே பெரிய முதலாளி. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் தனியார் கிளப்புகள். ஜப்பானில் பெரும் நிறுவனங்கள்.

ஒப்பந்தம் பொதுவாக ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு. அடிப்படைச் சம்பளம், ஆட்டத்துக்கு இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு, சில சமயம் வீடும் காரும். கால்பந்தில் இருப்பதுபோல வீரரை வாங்கி விற்கும் கட்டணம் ரக்பியில் வழக்கமாக இல்லை. ஒப்பந்தம் முடிந்தவர் போகலாம். நடுவில் போக வேண்டுமானால் புதிய கிளப் பழைய கிளப்புக்கு ஈடு கட்ட வேண்டும். ஆகையால் கடைசி ஆண்டின் முதல் பாதி ஆட்டங்கள்தான் அடுத்த சம்பளத்தை முடிவு செய்கின்றன. பெரும்பாலான கிளப்புகள் அடுத்த சீசனுக்கான அணியைப் புத்தாண்டையொட்டியே பெருமளவு நிரப்பிவிடும். அக்டோபரில் தோள் விலகிப் பிப்ரவரியில் திரும்புபவருக்கு, அதற்குள் கதவு சாத்தப்பட்டிருக்கும்.

இதோடு சம்பள உச்சவரம்பு: ஒரு கிளப் ஒரு சீசனில் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய தொகை. இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப்பில் 2024-25 சீசனுக்கு அது 64 லட்சம் பவுண்ட். பிரான்ஸின் டாப் 14இல் 1 கோடியே 7 லட்சம் யூரோ. வரம்பு மீறினால் தண்டனை கடுமை. இங்கிலாந்தின் சாரசென்ஸ் கிளப்புக்கு 2019 நவம்பரில் 35 புள்ளிகள் கழிக்கப்பட்டு 53 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதமும் விழுந்தது. அடுத்த ஜனவரியில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கம் உறுதியானது. வரம்புக்குள் நிற்க ஒரு கிளப் என்ன செய்யும்? நான்கைந்து நட்சத்திரங்களுக்குப் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதி இடங்களை அகாடமிப் பையன்களைக் கொண்டு நிரப்பும். நசுங்குபவர் நடுவில் இருப்பவர்: 27 வயது, தேசிய அணியில் ஆடாதவர், வாரந்தோறும் குறையில்லாமல் வேலை செய்பவர். கிளப்பை நிமிர்த்தி நிறுத்துவது இவர்கள்தான். ஆனால் பேரத்தில் இவர்கள் கை தாழ்ந்தே இருக்கிறது. இது நியாயமில்லை, ஆட்டத்துக்கும் நல்லதில்லை.

கிளப்பே கவிழும் ஆபத்தும் உண்டு. 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், 2023இல் லண்டன் ஐரிஷ் என்று இங்கிலாந்தில் மூன்று கிளப்புகள் ஒன்பது மாதத்துக்குள் வீழ்ந்தன. வூஸ்டரில் வீரர்களின் ஒப்பந்தங்கள் தனியாக ஒரு துணை நிறுவனத்தின் பெயரில் இருந்தன. 2022 அக்டோபரில் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கலைத்ததும் எல்லா ஒப்பந்தங்களும் ஒரே நாளில் முடிந்தன. சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்த நேரம். மற்றக் கிளப்புகளின் பணம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. எனவே முகவர் சொல்வதோடு நிற்காமல் சிலவற்றை வீரரே படித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனம் எது? காயம்பட்டால் முழுச் சம்பளம் எத்தனை மாதம், அதன்பின் எவ்வளவு? தேசிய அணியில் காயம்பட்டால் யார் கொடுப்பார்கள்? கிளப் மருத்துவரைத் தவிர வேறொருவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறதா? நிரந்தரக் காயத்துக்கான காப்பீட்டில் தலைக்காயமும் பழைய காயமும் விலக்கப்பட்டிருக்கின்றனவா? கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

கிளப்புக்கும் நாட்டுக்கும் நடுவில்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சம்பளம் கொடுப்பது கிளப். பெயர் வாங்கித் தருவது தேசிய அணி. ஜூலை, நவம்பர் போன்ற சர்வதேசக் காலங்களில் வீரரை விடுவித்தே ஆக வேண்டும் என்பது ஆட்டத்தின் உலக நிர்வாக அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் விதி. ஆனால் எங்கே ஆடினால் தேசிய அணிக்கு எடுப்போம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வைத்திருக்கிறது. நியூசிலாந்து வெளிநாட்டில் ஆடுபவர்களை எடுப்பதில்லை. மூத்தவர்களுக்கு மட்டும் ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு விடுப்புக் காலம் தரும். டான் கார்ட்டர் 2008-09இல் அப்படித்தான் பிரான்ஸின் பெர்பிஞ்ஞானுக்குப் போனார். ஐந்தாவது ஆட்டத்தில் குதிகால் நாண் அறுந்து சீசன் முடிந்துபோனது. ஆஸ்திரேலியா 2015இல் விதியைத் தளர்த்தி, 60 டெஸ்டும் உள்நாட்டில் ஏழு ஆண்டும் முடித்தவர்களை வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம் என்றது. மேட் கிட்டோவை உலகக் கோப்பைக்கு அழைத்து வந்த விதி என்பதால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. பிறகு மேலும் தளர்ந்தது. தென்னாப்பிரிக்கா எங்கே ஆடினாலும் எடுத்துக்கொள்கிறது. இங்கிலாந்து அசாதாரணச் சூழலைத் தவிர எடுக்காது. ஈடாக 2024 முதல் 25 பேர்வரை ஆண்டுக்கு 1,60,000 பவுண்ட் தரும் கூட்டு ஒப்பந்தம் கொண்டுவந்தது.

எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பது வேறு கேள்வி. பிறந்த நாடு, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாடு, அல்லது தொடர்ந்து வசிக்கும் நாடு. வசிப்புக் காலம் மூன்று ஆண்டாக இருந்தது. 2022 முதல் ஐந்து. அதே 2022இல் இன்னொரு நல்ல மாற்றமும் வந்தது. ஒரு நாட்டுக்காகக் கடைசியாக ஆடி மூன்று ஆண்டு ஆனவர், தான் பிறந்த அல்லது பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கு ஒரே ஒருமுறை மாறலாம். நியூசிலாந்துக்கு ஆடிய சார்ல்ஸ் பியுட்டாவும் மலகாய் ஃபெகிட்டோவாவும் இப்படித்தான் டோங்காவுக்கு ஆடினார்கள். இருபது வயதில் இரண்டு மூன்று டெஸ்ட் ஆடவைக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டு, எந்த நாட்டுக்கும் ஆட முடியாமல் நின்ற பசிபிக் தீவு வீரர்களுக்கு இது வெகுகாலம் தாமதமாகக் கிடைத்த நீதி.

ஒரு வாரம்

சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு பிசியோவிடம் கணக்கெடுப்பு, நீச்சல் குளம், நடை. திங்கள் காணொளி, எடைப்பயிற்சி, மோதலில்லாத ஒத்திகை. செவ்வாய்தான் கனமான நாள்: ஸ்க்ரம், மால் (நின்றபடியே பந்தோடு கூட்டமாகத் தள்ளுவது), டேக்கிள். புதன் விடுமுறை. வியாழன் வேகம், குறுகிய நேரம். வெள்ளி கேப்டன் நடத்தும் இலேசான ஓட்டம். முதுகில் இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் ஜிபிஎஸ் கருவி. ஓர் ஆட்டத்தில் ஃபார்வர்டு ஐந்தாறு கிலோமீட்டர், பேக் ஆறேழு. பந்து ஆட்டத்தில் இருப்பது 35 நிமிடம் அளவுக்குத்தான். ஆனால் அந்த 35 நிமிடத்தில் விழுந்து, எழுந்து, மோதி, மறுபடி ஓட வேண்டும். உடல்தகுதியை அளக்கப் பிராங்கோ ஓட்டம்: 20, 40, 60 மீட்டர் போய்த் திரும்புவது ஐந்து சுற்று, மொத்தம் 1200 மீட்டர். நல்ல பேக் நாலரை நிமிடத்துக்குப் பக்கத்தில் முடிப்பார்.

2021இல் வேர்ல்ட் ரக்பியும் சர்வதேச வீரர் சங்கமும் வாரப் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. முழு மோதல் வாரத்துக்கு 15 நிமிடம், கட்டுப்படுத்தப்பட்ட மோதல் 40 நிமிடம், நேரடி ஸ்க்ரம், லைன்-அவுட், மால் 30 நிமிடம். திங்களும் வெள்ளியும் முழு மோதல் கூடாது. தலையில் விழும் அடிகளில் தவிர்க்கக் கூடியவை பயிற்சியில் விழுபவைதாம் என்பதே இதன் அடிப்படை. ஆனால் இது கட்டாய விதி அன்று. இரண்டு ஆட்டம் தோற்ற பயிற்சியாளர் செவ்வாய்க்கிழமை எத்தனை நிமிடம் மோதவிடுகிறார் என்பதைக் கவனித்தால் அந்தக் கிளப்பைப் பற்றி நிறையத் தெரியும்.

தலையும் முழங்காலும்

இங்கிலாந்துத் தொழில்முறை ரக்பியில் 2011-12 முதல் ஆட்டங்களில் மிக அதிகம் பதிவாகும் காயம் மூளை அதிர்ச்சி. டேக்கிள் செய்யப்படுபவரைவிட டேக்கிள் செய்பவருக்கே தலையில் அடி அதிகம். தலையைத் தவறான பக்கம் வைப்பதும், நிமிர்ந்த உடம்போடு போவதும் இரண்டு பெரிய காரணங்கள். சரியாகச் செய்தால் எதிராளியின் இடுப்புக்குப் பின்புறம் தலை போகும். தவறினால் ஓடிவரும் முழங்கால் அல்லது இடுப்பெலும்பு நேராகத் தாடையில் இடிக்கும்.

மைதானத்தில் நடைமுறை இதுதான். நினைவிழத்தல், வலிப்பு, உடல் விறைத்தல், தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் சோதனையே இல்லை. வீரர் நிரந்தரமாக வெளியே. சந்தேகம் மட்டும் என்றால் 12 நிமிடச் சோதனை: சொற்பட்டியலைத் திருப்பிச் சொல்வது, எண்களைப் பின்னிருந்து சொல்வது, கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது. சீசன் தொடக்கத்தில் அவர் எடுத்த அளவோடு இதை ஒப்பிடுவார்கள். ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் இரண்டாவது சோதனை. இரண்டு இரவு தூங்கி எழுந்தபின் மூன்றாவது. 2024 முதல் அதிர்வை அளக்கும் கருவி பொருத்திய பல்காப்பும் சேர்ந்திருக்கிறது. யாரும் பார்க்காத அடியையும் அது மருத்துவரிடம் சொல்லிவிடும்.

இதில் ஓட்டையும் உண்டு. சீசன் தொடக்கச் சோதனையில் வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொல்லிவைத்தால், அடிபட்ட நிலையிலும் தேறிவிடலாம் என்று கணக்குப் போடும் வீரர்கள் உண்டு. இடம் பறிபோகும் பயம் இப்படிச் செய்யவைக்கிறது. விலை கொடுப்பது அவர்கள்தான். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன், அந்த இறுதியாட்டத்தில் ஆடியதே தனக்கு நினைவில் இல்லை என்று 2020இல் சொன்னார். அப்போது அவருக்கு வயது 42.

முழங்கால் காயம் கண்ணுக்குத் தெரியும், அதனால் ஓரளவு நேர்மையாகவே கையாளப்படுகிறது. முழங்காலின் உள்ளே இருக்கும் ஏசிஎல் என்னும் தசைநார் கிழிந்தால் முட்டிச் சில்லு நாண் அல்லது பின்தொடை நாணிலிருந்து ஒரு துண்டெடுத்துப் புதிதாகக் கட்டுவார்கள். ஒன்பது மாதம் என்பது வழக்கமான கெடு. காயப்பட்ட காலின் முன்தொடை வலு மற்றக் காலின் 90 சதவீதத்தை எட்ட வேண்டும். ஒற்றைக்கால் தாவல் சோதனையிலும் தேற வேண்டும். ஆறு மாதத்தில் வலி போய்விடும் என்பதுதான் பொறி. வலியில்லை என்று திரும்புபவர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். பிரான்ஸின் ஸ்க்ரம் ஹாஃப் அந்துவான் டூப்போன் 2018இலும் 2025இலும் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டங்களில் ஏசிஎல் காயம் அடைந்தார். இடையில் அவர் உலகின் தலைசிறந்த வீரராகவே ஆகிவிட்டார் என்பது, முறையாகக் காத்திருந்து திரும்புவதால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று.

பெண்களின் ஒப்பந்தம்

பெண்கள் ரக்பியில் இந்தத் தொழிலுக்கே இன்னும் பத்து வயது ஆகவில்லை. இங்கிலாந்து 2019 ஜனவரியில் 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. 2025 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை லண்டனின் ட்விக்கனம் மைதானத்தில் 81,885 பேர் பார்த்தார்கள். அதில் இங்கிலாந்திடம் தோற்ற கனடா, அந்தப் போட்டிக்குத் தயாராகப் பொதுமக்களிடம் நிதி திரட்டிய அணி. இத்தனை பேர் டிக்கெட் வாங்கும் ஆட்டத்தில் ஒரு பக்கம் சம்பளக்காரர்கள், மறுபக்கம் பலர் வேலையையும் படிப்பையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். மகப்பேறு விடுப்பு, குழந்தை பெற்றபின் மோதலுக்குத் திரும்பும் கால அட்டவணை போன்றவை ஒப்பந்தங்களில் இப்போதுதான் எழுதப்படுகின்றன.

முப்பதுக்குப் பிறகு

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டிய கட்டம் இது. தேசிய அணி வாசல் சாத்தியதும் இரண்டு திசை தெரியும். பிரான்ஸில் பணம் அதிகம், சீசனும் நீளம். 26 சுற்று, அதற்குமேல் ஐரோப்பியக் கோப்பை, நாக் அவுட். ஜப்பானில் டிசம்பரில் தொடங்கி ஆறேழு மாதத்தில் முடியும் 18 சுற்று. ஆட்டம் வேகம், மோதல் ஒப்பீட்டளவில் குறைவு. டொயோட்டா, சன்டோரி, பானாசோனிக், கோபெல்கோ போன்ற நிறுவனங்களின் அணிகள். உள்ளூர் வீரர்களில் பலர் அந்த நிறுவனங்களிலேயே ஊழியர்கள். ஆட்டம் முடிந்தாலும் வேலை தொடரும். ரக்பி உலகில் ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு இதைவிட நேரடியான ஏற்பாடு நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இங்கிலாந்தின் ஃப்ளை ஹாஃப் ஜானி வில்கின்சன் 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை டிராப் கோலால் (கையிலிருந்து விட்ட பந்து தரையில் பட்டதும் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) வென்று கொடுத்தபின், காயங்கள் அடுக்கடுக்காக வந்து, 2007 வரை இங்கிலாந்துக்கு ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. 2009இல் துலோனுக்குப் போனார். அங்கே பயிற்சிச் சுமையைப் பார்த்துப் பார்த்து நிர்வகித்து 2013, 2014 ஐரோப்பியக் கோப்பைகளை வென்று 35 வயதில் ஓய்வு பெற்றார். இடம் மாறினால் உடலுக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கலாம் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் குறைவு.

உள்ளூரிலேயே இருக்கவும் காரணங்கள் உண்டு. அயர்லாந்துச் சட்டப்படி, அங்கு வசிக்கும் தொழில்முறை வீரர் ஓய்வு பெறும்போது, ஏதேனும் பத்து ஆண்டுகளில் ஆடிச் சம்பாதித்த வருமானத்தில் 40 சதவீதத்துக்கு வரிக்கழிவு கேட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். விளம்பர வருமானம் இதில் சேராது. வெளிநாட்டு அழைப்பின் கவர்ச்சியை இந்தக் கணக்கு பல சமயம் தின்றுவிடும்.

ஓய்வின் முதல் ஆண்டில் உடல் தனி வேலை கேட்கும். ஒரு ப்ராப் நாளுக்கு 4000, 5000 கலோரி சாப்பிட்டுப் பழகியவர். பயிற்சி நின்று சாப்பாடு நிற்காவிட்டால் ஆறு மாதத்தில் இரத்த அழுத்தம் காட்டிக்கொடுக்கும். எடைப்பயிற்சியைச் சட்டென்று விட்டால், தேய்ந்த மூட்டுகளைத் தாங்கிக்கொண்டிருந்த தசையும் போய், ஆடும்போது இல்லாத முழங்கால் வலி அப்போது தொடங்கும். எடையைக் குறைத்துக்கொண்டே வாரம் இரண்டு முறையாவது கால் பயிற்சியைத் தொடர்வதுதான் வழி. படிப்பையோ தொழிற்பயிற்சியையோ 24 வயதில் தொடங்கியவர்கள் இந்த ஆண்டை எளிதாகக் கடக்கிறார்கள். வீரர் சங்கங்கள் இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கின்றன. புதன்கிழமை விடுமுறையை அதற்குப் பயன்படுத்தச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

கிளப்பை விட்டுக் கிளம்பும் வாரத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். தன் மருத்துவக் கோப்பின் முழு நகலையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: எல்லா ஸ்கேன்கள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், ஒவ்வொரு சீசனும் எடுத்த தலைக்காயச் சோதனை எண்கள், கொடுத்த ஊசிகளின் பட்டியல். கிளப் கைமாறினாலோ கலைக்கப்பட்டாலோ அவற்றைத் தேடிப் பிடிப்பது கடினம். நாற்பத்தைந்து வயதில் சொற்கள் நழுவத் தொடங்கினால், நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்கப்போவது இருபத்தைந்து வயதில் அதே வீரர் சொற்பட்டியலில் எத்தனை சொல்லைத் திருப்பிச் சொன்னார் என்பதைத்தான்.